ஒன்பதோடு நின்ற வரி

தம்பி, போன வாரம் போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் பொய். "ஹன்னாவோட அப்பா நம்ம வீட்டுல டீ குடிக்கவே மாட்டேங்கிறாரே, ஏம்மா?" என்று கேட்டாய். "அவங்க யூதர்ப்பா, சாப்பாட்டுல ஏகப்பட்ட கட்டுப்பாடு" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினேன். முப்பது வருடங்களாக ரூபன் நம் வீட்டில் டீ குடித்திருக்கிறார். அவர்களுக்குக் கண்ணாடித் தம்ளரில் கொடுத்தால் தடையில்லை. அவருக்கென்றே அலமாரியில் நீலக்கோடு போட்ட தம்ளர் ஒன்று இருந்ததும், சின்ன வயதில் நீ அதை எடுத்துத் தண்ணீர் குடித்து என்னிடம் அடி வாங்கியதும் உனக்கு நினைவிருக்கும். அந்தத் தம்ளரை அவர் தொடாமல் இருப்பது அவருடைய வேதத்தினால் அல்ல, என்னால். இன்னும் ஐந்து வாரத்தில் நீ சிங்கப்பூரிலிருந்து வந்து அவருடைய மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறாய். அதற்குள் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்துகொண்ட பிறகு நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியாது. ஒரு வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கெட்டுப்போன மீனை வாயில் போட்டுவிட்டு விழுங்கவும் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

முதலில் அவர்கள் யார் என்று சரியாகச் சொல்கிறேன். நீ அதே கட்டடத்தில் வளர்ந்தவன்தான். ஆனால் இரண்டாம் மாடியில் இருந்த நமக்கு நான்காம் மாடியைப் பற்றி என்ன தெரிந்திருந்தது? ரூபனின் தந்தை பெஞ்சமின் பெரியவர் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தார். அவருடைய முன்னோர் பம்பாய்க்குத் தெற்கே கடலோரத்தில் எண்ணெய்ச் செக்கு ஓட்டியவர்கள். எத்தனையோ தலைமுறைகளாகச் சனிக்கிழமை மட்டும் செக்கை நிறுத்தியவர்கள் என்று அவர் பெருமையாகச் சொல்வார். இந்த யாங்கோனில் ஒருகாலத்தில் யூதர்கள் நிறைய இருந்தார்கள். எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. பாக்தாத்திலிருந்து வந்தவர்கள் வெள்ளையாக இருந்தார்கள், வீட்டில் அரபு பேசினார்கள். கொச்சியிலிருந்து வந்தவர்கள் மலையாளம் பேசினார்கள். பெரியவரின் ஆட்கள் மராத்தி பேசினார்கள், நம்மைப் போலவே கறுப்பு. பர்மியத் தாய்க்குப் பிறந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குக் 'கப்யா', அதாவது கலப்புப் பிள்ளை என்று பெயர். "கும்பிடுறது ஒரே சாமி சயாமா. ஆனா பாக்தாத்காரங்க சில பேர் வீட்டுக் கல்யாணத்துல எங்களுக்கு வராந்தாவுலதான் இடம்" என்று பெரியவர் சிரிப்பார். நீ பிறந்ததிலிருந்து இந்த ஊரில் எல்லோருமே என்னைச் 'சயாமா', டீச்சரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியவருக்கும் நான் சயாமாதான், ஹன்னாவுக்கும் சயாமாதான். அந்த மரியாதைக்கு நான் என்ன செய்தேன் என்பதைத்தான் எழுத வருகிறேன்.

வராந்தா என்று அவர் சொன்னபோது பாக்தாத்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது. நம் வீட்டுப் பேச்சைக் கேட்டு வரவில்லை. பெரியவரின் மனைவி சாரா சேலைதான் கட்டுவார், கடைத்தெருவில் நம்மோடு தமிழில் பேசியே பழகிவிட்டார். உன் அத்தை அவரை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நம்மள விட ஒரு சுத்து கறுப்பு. இதுல யூதராம் யூதரு! அந்த வெள்ளைக்காரன் கோயில்ல இவங்களுக்கு என்ன வேலை?" என்பாள். நான் சிரித்தேன். சாரா நம் வீட்டில் கறி சாப்பிட மாட்டார். தீபாவளிக்கு நான் கொண்டுபோன ஆட்டுக்கறியை, "கோவிச்சுக்காதீங்க சயாமா, எங்களுக்கு வெட்டுற முறை வேற" என்று கையைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். அன்று அவர் முறுக்கும் லட்டும் வாங்கிக்கொண்டது எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை, திருப்பிக் கொடுத்த கறிதான் நின்றது. நம் நிறத்தில் இருந்துகொண்டு நம்மிடம் தீட்டுப் பார்ப்பதா என்று ஒரு முள் உள்ளே தைத்தது. பேருந்தில் எவனாவது 'கலா' என்று, இந்தியர்களைத் திட்டுகிற அந்தச் சொல்லால், நம்மை இளக்காரமாகக் கூப்பிட்டால் வீட்டுக்கு வந்து மூன்று நாள் புலம்புகிறவள் நான். அதே நான் இன்னொரு பெண்ணின் தோலைப் பார்த்து அவள் கடவுளுக்கு அளவு வைத்தேன்.

ஹன்னா இரண்டாம் வகுப்பில் என் மாணவி. பள்ளிக்கூடத்துப் பதிவேட்டில் 'லூம்யோ' என்று ஒரு கட்டம் உண்டு, இனம் எழுத வேண்டிய கட்டம். அதற்குப் பக்கத்தில் மதம். பிள்ளைகளைக் கேட்டு எழுத வேண்டும், அல்லது பெற்றோரை வரச்சொல்லிக் கேட்க வேண்டும். எனக்கு நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், ஒரே மாலை, மின்சாரம் வேறு போய்விடும். முகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டே போனேன். சீனன், கரென், பர்மியன். ஹன்னாவுக்கு இந்தியர், இந்து. மறுநாள் அவள் என் மேசைக்கு வந்து, விரலை அந்தக் கட்டத்தில் வைத்து, பர்மிய மொழியில், "சயாமா, இது நான் இல்லை" என்றாள். ஏழு வயது. மதத்தை அடித்து எழுதிக் கொடுத்தேன். அதைச் சுத்தப் பிரதியாக எடுத்தபோது பள்ளிக்கூடக் குமாஸ்தா வாய்விட்டுச் சிரித்தார். "இந்த நிறத்தில் யூதரா? சயாமாவை யாரோ நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள்" என்றார். நான் அவரைத் திருத்தவில்லை, நானும் கொஞ்சம் புன்னகைத்தேன். அந்தப் பிள்ளை வாசலில் நின்று இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது. உன் மனைவியாக வரப்போகிறவளுக்கு நான் செய்த முதல் தப்பு அது. சின்னத் தப்பு என்று அப்போது நினைத்தேன். திருத்தாமல் விட்ட சின்னத் தப்பு பரீட்சையில் பெரிய தப்பாக வந்து நிற்கும் என்று பிள்ளைகளுக்கு ஆயிரம் தடவை சொன்னவள் நான்.

இப்போது பெரியவரின் சாவுக்கு வருகிறேன். சாரா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. பெரியவர் போன வருடம் போனார். நீ அப்போது சிங்கப்பூரில் இருந்தாய். அடக்கம் முடிந்தபின் அவர்கள் ஏழு நாள் வீட்டில் துக்கம் உட்காருவார்கள். கண்ணாடிகளையெல்லாம் துணியால் மூடிவிட்டு, சட்டையின் இடது மார்புப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு, ரூபன் முக்காலி போன்ற தாழ்ந்த பலகையில் உட்கார்ந்திருந்தார். இறந்த தந்தைக்காக மகன் சொல்ல வேண்டிய பிரார்த்தனை ஒன்று அவர்களுக்கு உண்டு. அதைத் தனியாகச் சொல்ல முடியாது. வயதுவந்த யூத ஆண்கள் பத்துப் பேர் கூடியிருந்தால்தான் சொல்லலாம், மகனும் அந்தப் பத்தில் ஒருவன். இன்றைய யாங்கோனில் பத்து யூத ஆண்களை ஒரே அறையில் சேர்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பார். இருந்தவர்கள் எல்லாம் எப்போதோ கப்பலேறிப் போய்விட்டார்கள். ரூபன் ஐந்து நாள் போன் செய்தார். தூதரகத்தில் வேலை பார்ப்பவர்கள், ஹோட்டலில் தங்கியிருந்தவர்கள், ஒரு மணிக்கல் வியாபாரி, ஊரில் மிஞ்சியிருந்த இரண்டு முதியவர்கள் என்று ஒவ்வொருவராகச் சேர்த்தார். ஆறாம் நாள் பிற்பகல் ஒன்பது பேர் நான்கு மாடி ஏறி வந்துவிட்டார்கள். ரூபனோடு பத்து. அன்றைக்கு விட்டால் மறுநாள் பாதிப் பேர் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள்.

நான் கீழிருந்து நாற்காலிகளும் டீயும் கொண்டுபோயிருந்தேன். அறையைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். பழைய யாங்கோனைப் பற்றிப் பெரியவர் சொன்ன கதை என் கண் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பது போல இருந்தது. செம்பட்டைத் தலைமுடியுடன் ஒருவர், பர்மிய முகத்தோடு லொஞ்ஜி கட்டிய முதியவர் ஒருவர், அரபு நாட்டு ஜாடையில் இரண்டு பேர். யோசெஃப் என்ற இளைஞர் ஒருவர். அவர் பெற்றோர் எத்தியோப்பியாவிலிருந்து இஸ்ரேலுக்குப் போனவர்கள். லைங் தாயா ஆலைகளில் தைக்கும் துணிகளைத் தரம் பார்க்க வெளிநாட்டுக் கம்பெனி அனுப்பிய ஆள். ரூபனை விடவும் கறுப்பு. பிரார்த்தனையை நடத்த வந்தவர் வெளிநாட்டிலிருந்து சுற்றிப் பார்க்க வந்திருந்த ஒரு பெரிய மனிதர். நன்றாகப் படித்தவர், கனிவான குரல். அவர்கள் ஆட்களை ஒன்று இரண்டு என்று எண்ண மாட்டார்களாம், அது ஆகாது. பத்துச் சொல் உள்ள வேத வரி ஒன்றை, தலைக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். வரி முடிந்தால் ஆள் சேர்ந்துவிட்டது. முப்பத்தாறு வருடம் தினமும் தலை எண்ணினவள் இல்லையா, நான் கூடவே எண்ணினேன். அந்தப் பெரிய மனிதர் தன் மார்பில் கைவைத்துத் தொடங்கினார். யோசெஃபிடம் வரும்போது ஒரு கணம் நின்று, அவர் தலையில் இருந்த பிரார்த்தனைத் தொப்பியைப் பார்த்துவிட்டுச் சொல்லைச் சொன்னார். ரூபனைத் தாண்டிப் போனார். ஒன்பது சொல்லோடு வரி நின்றது.

"ஒருத்தர் குறையுது" என்றார். ஆங்கிலத்தில்தான் பேசினார்கள், நான் தமிழில் எழுதுகிறேன்.

ரூபன் எழுந்து, கிழித்த சட்டையைப் பிடித்துக் காட்டி, "நான்தான் மகன்" என்றார்.

"தெரியும். உங்க துக்கத்துல நானும் பங்கு எடுத்துக்கறேன். ஆனா எங்க சட்டப்படி தாய் யாருங்கறதுதான் கணக்கு. உங்க அம்மா..." என்று இழுத்தார்.

"என் அம்மா யூதப் பெண். அவங்க கல்யாணப் பத்திரம் அந்த அறையில சட்டம் போட்டு மாட்டியிருக்கு."

"அதைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

ரூபன் நகரவில்லை. "இங்க இருக்கிற மத்தவங்ககிட்ட அம்மா யாருன்னு கேட்டீங்களா?" என்றார். "இவர்கிட்ட? அவர்கிட்ட? யாராவது பத்திரம் கொண்டுவந்தாங்களா? எல்லார்கிட்டயும் கேளுங்க, நானும் எடுத்துட்டு வரேன்."

தம்பி, இந்த இடத்தைக் கவனமாகப் படி. தாய்வழி என்பது அவர்களுடைய சட்டம். அதைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் அந்த மனிதர் அந்தச் சட்டத்தை ஒன்பது முகங்களுக்கு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், ஒரே ஒரு முகத்துக்கு மட்டும் விரித்தார். செம்பட்டைத் தலைக்காரரின் தாய் யார் என்று யாருக்குத் தெரியும்? யாரும் கேட்கவில்லை, முடியே சாட்சி. இதே வேலையைத்தான் பதிவேட்டை வைத்துக்கொண்டு நானும் செய்தேன். அருவருப்பான மனிதர்கள் கத்திப் பேசுவார்கள், பல்லைக் கடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்காதே. பெரும்பாலும் பணிவாகத்தான் கேட்பார்கள்.

அவர் சங்கடப்பட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். டீத் தட்டோடு நின்ற என்னைக் கண்டார். "அம்மா, நீங்க பக்கத்து வீடா? இவர் தாயாரைத் தெரியுமா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ரூபன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது, அதை நான் பார்த்தேன். சயாமா இருக்கிறாள், சயாமா சொல்வாள் என்ற நிம்மதி. நான் சொன்னேன்: "நல்லாத் தெரியும். சேலைதான் கட்டுவாங்க. எங்களோட தமிழ்லதான் பேசுவாங்க. பார்த்தா எங்க ஆளுன்னுதான் சொல்லுவாங்க."

மூன்று வாக்கியம். மூன்றும் உண்மை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சாரா ஏற்றுகிற விளக்கை எத்தனை வருடம் படிக்கட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். பாலுக்கும் கறிக்கும் தனித்தனிப் பாத்திரம் அடுக்கியிருந்ததை எனக்குத் தெரியும். அந்தக் கல்யாணப் பத்திரத்தை அவரே என்னைக் கூட்டிப்போய்க் காட்டி, "இது எங்க அப்பா பேரு, இது அவரோட அப்பா பேரு" என்று விரல் வைத்துப் படித்துக் காட்டியிருக்கிறார். அதில் ஒன்றைக்கூட நான் சொல்லவில்லை. பரீட்சையில் பாதி விடை எழுதிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பவனுக்கு நான் ஒரு மதிப்பெண்கூடக் கொடுத்ததில்லை, உனக்கே தெரியும். அன்று அந்தப் பாதி விடையை நானே எழுதினேன். பெரிய மனிதர் தலையை மெல்ல ஆட்டினார். "மன்னிக்கணும்" என்று ரூபனிடம் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

ரூபன் என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அப்போது யோசெஃப் எழுந்தார். "இந்தக் கேள்வியை என் அப்பாகிட்ட இஸ்ரேல் ஏர்போர்ட்லயே கேட்டாங்க. அவர் செத்தப்புறமும் கேட்டாங்க" என்றார். பெரிய மனிதரைப் பார்த்து, "என்னையும் எண்ணிக்காதீங்க. இப்ப எட்டு" என்றார். நாற்காலியை விட்டுவிட்டு ரூபனின் பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். லொஞ்ஜி கட்டிய முதியவரும் தடுமாறி எழுந்து, "எங்க அம்மா பர்மாக்காரி. அதையும் கேட்டிருக்கலாமே" என்று பர்மிய மொழியில் சொல்லிக்கொண்டே தரைக்கு வந்தார். மற்றவர்கள் செருப்பைத் தேடினார்கள். பொழுது சாய்ந்தது. ஒரு மகன் தன் தந்தைக்குச் சொல்ல வேண்டிய நாலு வரி அந்த அறையில் சொல்லப்படவே இல்லை. என் டீ தட்டிலேயே ஆடை கட்டிப் போயிருந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை பத்துப் பேர் சேரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்பாய். அதற்கு முந்தின வாரம்தான் நீ போனில் ஹன்னாவைப் பற்றிச் சொல்லியிருந்தாய். அந்த வீடு வேண்டாம் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. நம்மிடம் கறி சாப்பிடாதவர்கள், நம்மிலிருந்து தங்களைப் பிரித்துக்கொண்டவர்கள், இன்று நம்மோடு வந்து நிற்கட்டுமே என்று ஒரு கணம் தோன்றியது. ஒரு கணம்தான். அதற்குள் வாய் பேசி முடித்துவிட்டது. ரூபனைப் போன்ற நிறத்தில் இருப்பதால் அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று அந்த அறையில் வேறு யாரையும் விட எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அந்த வெளிநாட்டுக்காரர் அறியாமையில் செய்தார் என்றாவது சொல்லலாம். எனக்கு அந்த வழியும் கிடையாது.

நேற்று நான்காம் மாடிக்குப் போனேன். முழங்கால் வலியோடு ஏறி, கதவைத் தட்டி, நின்றபடியே எல்லாவற்றையும் ரூபனிடம் சொன்னேன்.

"தெரியும் சயாமா. அன்னைக்கே தெரியும்" என்றார். "பத்திரத்தை நான் எடுத்துக் காட்டியிருக்கலாம். அப்பாவுக்காகவாவது எடுத்திருக்கணுமோன்னு தினமும் நெனைக்கிறேன். அந்தப் பாரமும் உங்களாலதான்."

"அப்புறம் எப்படி இந்தக் கல்யாணத்துக்குச் சம்மதிச்சீங்க?"

"உங்க மகன் என்கிட்ட ஒண்ணும் பண்ணலையே. அம்மா யாருன்னு பார்த்து ஆளை எண்ணுறதை நான் எதுக்குப் பண்ணணும்?"

கன்னத்தில் அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அடுத்த மாதம் பெரியவரின் வருட நினைவு நாள் வருகிறது. யோசெஃப் யாரையெல்லாமோ பிடித்துப் பத்துப் பேரைச் சேர்த்துவிட்டாராம், அவரே நடத்தப் போகிறாராம். நான் வந்து அம்மாவைப் பற்றி முழுசாகச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். இந்த வீட்டுல இனிமே அந்தக் கேள்வியே கிடையாது. கேக்காத கேள்விக்கு உங்க பதில் எதுக்கு?" என்றார். வாசல்வரை வந்து, "ஹன்னாவுக்கு இது தெரியாது. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும், கல்யாணத்துக்கு முன்னாடி" என்றார்.

உனக்கு நான் சொல்ல நினைப்பது அதிகமில்லை. நாளைக்கு உங்களுக்குப் பிள்ளைகள் பிறக்கும். தமிழ் முகமா, யூத முகமா, பர்மிய முகமா என்று ஆளாளுக்கு மோவாயைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார்கள். நம் ஆட்கள் கோயிலில் பார்ப்பார்கள், அவர்கள் ஆட்கள் ஜெப ஆலயத்தில் பார்ப்பார்கள், அலுவலகங்களில் குமாஸ்தாக்கள் பார்ப்பார்கள். அந்தக் கையைத் தட்டிவிடு. அது என் கையாக இருந்தாலும் தட்டிவிடு. உன் வாயிலிருந்து அந்தப் பாதி உண்மை வரப் பார்த்தால், மூன்று வாக்கியம் பேசிவிட்டு நிறுத்தாதே, நாலாவதையும் சொல். எனக்காக ஹன்னாவிடம் பரிந்து பேசாதே. அம்மா வயதானவள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஆரம்பிக்காதே. நான் தெரிந்து செய்தேன்.

கல்யாணப் பதிவுக்கான மனு என் மேசைமேல் இருக்கிறது. "உங்க கையெழுத்துதான் அழகா இருக்கும் சயாமா, நீங்களே எழுதிக் கொடுங்க" என்று ஹன்னா முந்தாநாள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். உன் பெயர், அவள் பெயர், முகவரி எல்லாம் எழுதிவிட்டேன். அவள் பக்கத்தில் இரண்டு கட்டங்களை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். இனம், மதம். அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், படிக்க வராது. அதனால் இந்தக் கடிதத்தின் நகலை ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு வாசித்துக் காட்டப் போகிறேன், ஒரு வரியும் விடாமல். முடிந்ததும் மனுவை அவள் பக்கம் திருப்பிவைத்து, பேனாவைக் கொடுப்பேன். ஏழு வயதில் அவள் விரல் வைத்த அதே கட்டம்தான். அவள் பேனாவை வாங்கி எழுதுவாளா, மனுவை மடித்து எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவாளா என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும், இந்த முறை அவளைக் கேட்காமல் அந்தக் கட்டத்தில் நான் எதையும் எழுதவில்லை.

அம்மா